கூச்சம் வேண்டாம், தாமதமும் வேண்டாம்: பாலியல் தொற்றுகளும் பிறப்புறுப்புத் தொற்றுகளும்

காய்ச்சலோ பல்வலியோ வந்தால் உடனே மருத்துவரைப் பார்க்கிறோம். ஆனால் பிறப்புறுப்பில் ஒரு புண்ணோ அரிப்போ வந்தால், பலர் யாரிடமும் சொல்வதில்லை. "தானாகச் சரியாகிவிடும்" என்று காத்திருக்கிறார்கள். சிலர் நாட்டு மருந்து வாங்குகிறார்கள். சிலர் ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளில் இரண்டை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, தொந்தரவு குறைந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

பெரும்பாலான பாலியல் தொற்றுகளைக் குணப்படுத்த முடியும். குணப்படுத்த முடியாதவற்றையும் மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம். சிக்கல் பெரும்பாலும் தாமதத்தால்தான் வருகிறது. இந்தத் தொற்றுகள் எதனால் வருகின்றன, எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும், மருந்தகத்தில் என்ன நடக்கும், என்ன சிகிச்சை கிடைக்கும் என்பதை இந்தக் கையேடு விளக்குகிறது. இதைத் தனியாகப் படியுங்கள். முடிந்தால் உங்கள் துணையுடன் சேர்ந்து படியுங்கள்.

பாலியல் தொற்று என்றால் என்ன?

பாலுறவின்போது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் தொற்றுகளைப் பாலியல் தொற்றுகள் என்கிறோம். இவற்றை உண்டாக்கும் கிருமிகள் பல வகை.

• பாக்டீரியா: கிளமிடியா, கொனோரியா எனப்படும் வெட்டை நோய், சிபிலிஸ் எனப்படும் மேகநோய்
• வைரஸ்: எச்ஐவி, ஹெர்ப்பிஸ், மருக்களை உண்டாக்கும் எச்பிவி, ஹெப்படைட்டிஸ் பி
• ஒட்டுண்ணி: டிரைக்கோமோனாஸ், அந்தரங்க முடியில் வாழும் பேன், சொறி சிரங்கு

பாக்டீரியாவாலும் ஒட்டுண்ணியாலும் வரும் தொற்றுகளை மருந்தால் முழுமையாகக் குணப்படுத்தலாம். வைரஸால் வருபவற்றுள் சில உடலிலேயே தங்கிவிடும். ஆனால் அவற்றையும் கட்டுப்படுத்த நல்ல மருந்துகள் உள்ளன.

எப்படிப் பரவுகிறது?

பெண்ணுறுப்பு வழியாகவும், ஆசனவாய் வழியாகவும், வாய் வழியாகவும் கொள்ளும் பாலுறவால் இத்தொற்றுகள் பரவும். "வாய்வழி உறவில் ஆபத்து இல்லை" என்று பலர் நினைக்கிறார்கள். கொனோரியா தொண்டையில் தங்கும். சிபிலிஸ் புண் உதட்டிலும் வாய்க்குள்ளும் வரலாம். ஹெர்ப்பிஸ், எச்பிவி, சிபிலிஸ் ஆகியவை தோலோடு தோல் உரசுவதாலும் பரவும். எச்ஐவி, ஹெப்படைட்டிஸ் பி ஆகியவை ஒருவர் பயன்படுத்திய ஊசியை மற்றவர் பயன்படுத்துவதாலும் பரவலாம். சில தொற்றுகள் தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்லும்.

எச்ஐவி, கொனோரியா, சிபிலிஸ் போன்றவை கழிப்பறை இருக்கை, நீச்சல் குளம், கைகுலுக்குதல், ஒரே தட்டில் உண்பது, கொசுக்கடி ஆகியவற்றால் பரவுவதில்லை. வீட்டில் ஒருவருக்கு இத்தொற்று இருந்தால் அவருடைய தட்டையும் குவளையையும் ஒதுக்கிவைக்கத் தேவையில்லை.

தொற்று ஒருவரின் ஒழுக்கத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை. வாழ்நாளில் ஒரே ஒருவருடன் மட்டும் உறவு கொண்டவருக்கும் அது வரலாம். அந்த ஒருவருக்குத் தொற்று இருந்தால் போதும்.

"உடல் சூடு" என்று விட்டுவிடாதீர்கள்

சிறுநீர் கழிக்கும்போது எரிந்தால், "சூடு பிடித்துவிட்டது" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இளநீரும் மோரும் குடிப்பார்கள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். வெள்ளைப்படுதலையும் சூட்டோடு சேர்த்துப் பேசுவது உண்டு. இளநீர் குடிப்பதில் தவறில்லை. ஆனால் அது கிருமியைக் கொல்லாது.

இதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. பல பாலியல் தொற்றுகளின் அறிகுறிகள் சிகிச்சை இல்லாமலேயே சில வாரங்களில் மறைந்துவிடும். இளநீர் குடித்ததால் குணமானது என்று தோன்றும். அறிகுறிதான் போயிருக்கும், கிருமி உடலில் இருக்கும். சிபிலிஸ் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அதன் முதல் புண் வலிக்காது. மருந்து எதுவும் போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரங்களில் ஆறிவிடும். அதன்பின் நோய் அடுத்த கட்டத்துக்குச் செல்கிறது.

சிறுநீர் எரிச்சலுக்குச் சாதாரண சிறுநீர்த் தொற்றும் காரணமாக இருக்கலாம். எது காரணம் என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

ஆண்களுக்கு:
• ஆணுறுப்பின் துவாரத்திலிருந்து சீழ் போன்ற அல்லது நீர் போன்ற கசிவு
• சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் அல்லது வலி
• விரையில் வலி அல்லது வீக்கம்

பெண்களுக்கு:
• வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதல்: அளவு, நிறம், வாடை ஆகியவற்றில் மாற்றம்
• மாதவிடாய் இல்லாத நாள்களில் அல்லது உறவுக்குப் பின் ரத்தக்கசிவு
• அடிவயிற்றில் வலி, உறவின்போது வலி
• சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல்

இருபாலருக்கும்:
• பிறப்புறுப்பில், ஆசனவாயில் அல்லது வாயில் புண், கொப்புளம், மரு
• தொடை இடுக்கில் நெறி கட்டுதல்
• உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத தடிப்புகள்
• பிறப்புறுப்பில் ஓயாத அரிப்பு

விரையில் திடீரென்று கடும் வலி வந்தாலோ, அடிவயிற்றில் கடும் வலியுடன் காய்ச்சல் வந்தாலோ, கர்ப்பிணிக்கு அடிவயிற்று வலியோ ரத்தக்கசிவோ ஏற்பட்டாலோ காத்திருக்காதீர்கள். மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்லுங்கள்.

எல்லாப் பெண்களுக்கும் ஓரளவு வெள்ளைப்படுதல் இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மாதச் சுழற்சிக்கேற்ப அது கூடும், குறையும். அரிப்பும் கெட்ட வாடையும் இல்லாமல், தெளிவாகவோ வெண்மையாகவோ இருந்தால் அது இயல்பானதே.

முக்கியமான தொற்றுகள்

கிளமிடியாவும் கொனோரியாவும்

இவை இரண்டும் ஒன்றாகவே வருவது உண்டு. கொனோரியா உள்ள ஆண்களுக்குப் பெரும்பாலும் இரண்டு முதல் ஏழு நாள்களில் மஞ்சள் நிறச் சீழ் கசியும், சிறுநீர் கழிக்கும்போது கடுமையாக எரியும். கிளமிடியா அமைதியானது. ஒன்று முதல் மூன்று வாரங்களில் லேசான கசிவு தோன்றலாம். பெரும்பாலான பெண்களுக்கும் பல ஆண்களுக்கும் எந்த அறிகுறியும் இருக்காது.

சிகிச்சை பெறாவிட்டால் இந்தக் கிருமிகள் பெண்ணின் கருப்பை வாயிலிருந்து மேலேறிக் கருக்குழாய்களை அடையும். அங்கே வீக்கமும் தழும்பும் உண்டாகும். பல ஆண்டுகளுக்குப் பின், குழந்தை ஏன் தங்கவில்லை என்று பரிசோதிக்கும்போதுதான் கருக்குழாய் அடைபட்டிருப்பது தெரியவரும். கரு, கருப்பைக்கு வெளியே தங்கும் ஆபத்தும் உண்டு. ஆண்களுக்கு விரையை ஒட்டிய குழாயில் வீக்கம் ஏற்பட்டுக் கருவளம் குறையலாம்.

கிளமிடியாவுக்குப் பொதுவாக ஏழு நாள்களுக்கு மாத்திரை கொடுக்கப்படும். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து உண்டு. கொனோரியாவுக்கு ஊசி போடப்படும். இந்தக் கிருமி பெனிசிலின், டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பல மருந்துகளை எதிர்க்கப் பழகிவிட்டது. ஆகவே, வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையோ நண்பர் கொடுத்த மாத்திரையோ இதற்குப் பயன்படாது. அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி மேலும் வலுப்பெறும்.

சிபிலிஸ்

கிருமி தொற்றிய 10 முதல் 90 நாள்களுக்குள், பெரும்பாலும் மூன்று வாரங்களில், வலியில்லாத ஒரு புண் தோன்றும். ஆணுறுப்பில் வந்தால் கண்ணுக்குத் தெரியும். பெண்ணுறுப்பின் உள்ளே, ஆசனவாயில் அல்லது வாய்க்குள் வந்தால் தெரியாமலே போகலாம். புண் ஆறிய சில வாரங்களில் அல்லது மாதங்களில் உடலில் தடிப்புகள் வரும். அவை உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வருவது இந்நோயின் தனி அடையாளம். காய்ச்சல், முடி உதிர்தல், நெறி கட்டுதல் ஆகியவையும் சேரலாம். இவையும் தாமாக மறைந்துவிடும்.

அதன்பின் பல ஆண்டுகள் எதுவும் தெரியாது. ரத்தப் பரிசோதனை மட்டுமே நோயைக் காட்டும். சிகிச்சை பெறாதவர்களில் ஒரு பகுதியினருக்கு இதயம், பெரிய ரத்தக்குழாய்கள், மூளை, நரம்புகள் பாதிக்கப்படும். கண்ணும் காதும் எந்தக் கட்டத்திலும் பாதிக்கப்படலாம். பார்வை மங்கினாலோ கேட்கும் திறன் திடீரென்று குறைந்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிபிலிசுக்கு 1940களில் தொடங்கி இன்றுவரை சிறந்த மருந்து பெனிசிலின்தான். தொடக்கக் கட்டத்தில் ஒரே வேளை ஊசி போதும். நீண்ட காலம் இருந்த தொற்றுக்கு வாரம் ஒரு முறையாக மூன்று வாரங்கள் ஊசி போடப்படும். ஊசி போட்ட முதல் நாளில் சிலருக்குக் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். ஒரு நாளில் அது தணிந்துவிடும். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சிகிச்சைக்குப் பின்னும் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒருவகை ரத்தப் பரிசோதனை வாழ்நாள் முழுவதும் "தொற்று உண்டு" என்றே காட்டக்கூடும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், சிகிச்சைச் சான்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஹெர்ப்பிஸ்

சிறு கொப்புளங்கள் கொத்தாகத் தோன்றி, உடைந்து, வலியுள்ள புண்களாகும். முதல் முறை வரும்போது காய்ச்சலும் கடும் வலியும் இருக்கலாம். பின்னர் வைரஸ் நரம்புகளில் ஒளிந்திருந்து அவ்வப்போது தலைகாட்டும். அப்படி வருவது நாளடைவில் குறைந்துகொண்டே போகும். அசைக்ளோவிர் போன்ற மாத்திரைகள் புண் விரைவில் ஆற உதவும். அடிக்கடி வருபவர்கள் தினமும் மாத்திரை எடுத்துக்கொள்ளலாம். புண் இருக்கும்போதும், வருவதற்கு முன் கூச்சமும் எரிச்சலும் தோன்றும்போதும் உறவைத் தவிர்க்க வேண்டும். புண் இல்லாதபோதும் சில வேளைகளில் இது பரவக்கூடும்.

மருக்களும் எச்பிவியும்

எச்பிவி வைரசில் பல வகைகள் உள்ளன. 6, 11 ஆகிய வகைகள் காலிஃபிளவர் போன்ற மருக்களை உண்டாக்கும். இவை புற்றுநோயாக மாறுவதில்லை. 16, 18 ஆகிய வகைகள் மருவை உண்டாக்காமல் உள்ளேயே இருந்து, பல ஆண்டுகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம். மருக்களைத் திரவ நைட்ரஜனால் உறையவைத்தும், மருந்து தடவியும் அகற்றலாம். சில முறை வர வேண்டியிருக்கும். கையில் வரும் மருவுக்கான மருந்தைப் பிறப்புறுப்பில் போடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

எச்பிவி தடுப்பூசி பாலுறவு தொடங்கும் முன்பே போட்டால் மிகுந்த பலன் தரும். சிங்கப்பூரில் 2019 முதல் உயர்நிலை ஒன்றில் பயிலும் மாணவியருக்குப் பள்ளியிலேயே இது வழங்கப்படுகிறது. உங்கள் மகளின் ஒப்புதல் படிவம் வீட்டுக்கு வந்தால் தயங்காமல் கையெழுத்திடுங்கள். இது அவளைப் புற்றுநோயிலிருந்து காக்கும் ஊசி. தடுப்பூசி போட்டிருந்தாலும் பெண்கள் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. உறவு கொண்ட அனுபவமுள்ள 25 முதல் 29 வயதுப் பெண்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பாப் ஸ்மியர் பரிசோதனையும், 30 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எச்பிவி பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

டிரைக்கோமோனாஸ்

பெண்களுக்கு நுரைத்த, மஞ்சளும் பச்சையும் கலந்த கசிவும் அரிப்பும் இருக்கும். ஆண்களுக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. மெட்ரோனிடசோல் மாத்திரையால் குணமாகும். துணைக்கும் சேர்த்துச் சிகிச்சை தராவிட்டால் இது மீண்டும் மீண்டும் வந்துகொண்டே இருக்கும்.

எச்ஐவி

எச்ஐவி உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கிறது. தொற்றிய சில வாரங்களில் காய்ச்சல், தொண்டைவலி, தடிப்பு ஆகியவை வந்து போகலாம். அதன்பின் பல ஆண்டுகள் ஒருவர் நலமாகவே தோன்றுவார். மற்ற பாலியல் தொற்றுகளால் புண்ணோ வீக்கமோ இருந்தால் எச்ஐவி எளிதில் தொற்றும். எனவே ஒன்றுக்குப் பரிசோதிக்கும்போது மற்றதற்கும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

இன்று தினமும் மருந்து எடுத்துக்கொள்ளும் ஒருவர் மற்றவர்களைப்போல நீண்ட காலம் வாழ முடியும். ரத்தத்தில் வைரசைக் கண்டறிய முடியாத அளவுக்கு அது குறைந்து, அப்படியே நீடித்தால், பாலுறவின் மூலம் மற்றவருக்கு எச்ஐவி பரவாது. ஆபத்தான உறவு நேர்ந்துவிட்டால், 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய தடுப்பு மருந்து உண்டு. அதை 28 நாள்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது.

பாலுறவால் மட்டும் வராத தொற்றுகள்

பிறப்புறுப்பில் வரும் எல்லாத் தொற்றும் பாலியல் தொற்று ஆகாது. இதை அறியாததால் தம்பதிகள் ஒருவரையொருவர் தேவையின்றிச் சந்தேகிப்பது உண்டு.

பூஞ்சைத் தொற்று: பெண்களுக்குக் கடும் அரிப்பும், தயிர் திரிந்ததுபோல் கெட்டியான வெள்ளைக் கசிவும் இருக்கும். கர்ப்பக்காலத்திலும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து சாப்பிட்ட பின்பும் இது வரலாம். ஆண்களுக்கு முன்தோலின் அடியில் சிவந்து, அரித்து, சிறு வெடிப்புகள் தோன்றும். உள்ளே வைக்கும் மாத்திரை அல்லது தடவும் மருந்தால் இது குணமாகும்.

பூஞ்சைத் தொற்று அடிக்கடி வந்தால் சர்க்கரை அளவைச் சோதித்துப் பாருங்கள். நீரிழிவு இருப்பதை முதலில் காட்டிக்கொடுப்பது சில வேளைகளில் இந்த அரிப்புதான். சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு கூடுதலாகக் காணப்படுவதால், நாம் இதைக் கவனிப்பது அவசியம். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் சில நீரிழிவு மாத்திரைகளாலும் இத்தொற்று வரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பாக்டீரியாச் சமநிலை குலைதல்: பெண்ணுறுப்பில் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் எப்போதும் இருக்கும். அவை குறைந்து மற்றவை பெருகும்போது, சாம்பல் நிறத்தில் நீர்த்த கசிவும் மீன் வாடையும் உண்டாகும். வாடையைப் போக்க உள்ளே சோப்பு, கிருமிநாசினி, வாசனைத் திரவம் ஆகியவற்றால் கழுவினால் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் மேலும் அழியும். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும்.

கர்ப்பமாக இருக்கிறீர்களா?

கர்ப்பத்தின் தொடக்கத்தில் செய்யப்படும் ரத்தப் பரிசோதனைகளில் சிபிலிஸ், எச்ஐவி, ஹெப்படைட்டிஸ் பி ஆகியவையும் அடங்கும். "எனக்கு எதற்கு இது?" என்று வருத்தப்படாதீர்கள். இது யாரையும் சந்தேகித்துச் செய்வதில்லை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்யப்படுகிறது.

சிகிச்சை பெறாத சிபிலிசால் கரு கலையலாம், குழந்தை இறந்து பிறக்கலாம் அல்லது நோயுடன் பிறக்கலாம். உரிய நேரத்தில் தாய்க்குப் போடும் பெனிசிலின் ஊசி, வயிற்றில் உள்ள குழந்தையையும் காக்கும். கொனோரியாவும் கிளமிடியாவும் பிரசவத்தின்போது குழந்தையின் கண்களைத் தாக்கும். கொனோரியாவால் பார்வையே போகலாம். எச்ஐவி உள்ள தாய் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டால் குழந்தைக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. உங்களுக்கோ கணவருக்கோ முன்பு ஹெர்ப்பிஸ் வந்திருந்தால் அதையும் மகப்பேற்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருந்தகத்தில் என்ன நடக்கும்?

உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ முதலில் பேசலாம். பாலியல் தொற்றுகளுக்கென்றே கிளந்தான் லேனில் டிஎஸ்சி மருந்தகம் உள்ளது. அது தேசியத் தோல் நிலையத்தைச் சேர்ந்தது. பெயரும் அடையாள எண்ணும் தராமல் எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளும் வசதியும் சிங்கப்பூரில் உண்டு.

மருத்துவர் சில கேள்விகள் கேட்பார்: கடைசியாக எப்போது உறவு கொண்டீர்கள்? ஆணுடனா, பெண்ணுடனா? ஆணுறை அணிந்தீர்களா? எந்த வழியில்? இவை உங்களைச் சங்கடப்படுத்துவதற்கான கேள்விகள் அல்ல. எந்த இடத்திலிருந்து மாதிரி எடுக்க வேண்டும், எந்தப் பரிசோதனை எப்போது பலன் தரும் என்று முடிவு செய்ய இந்த விவரங்கள் தேவை. உண்மையை மறைத்தால் தொண்டையில் உள்ள கிருமியைத் தேடாமலே விட்டுவிட நேரிடும்.

பிறகு சிறுநீர் மாதிரி, பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்கும் மாதிரி, ரத்த மாதிரி ஆகியவற்றில் தேவையானவை எடுக்கப்படும். ஆண்கள் பரிசோதனைக்கு முன் ஓரிரு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருப்பது நல்லது. பெண்கள், பெண் மருத்துவர் வேண்டும் என்றோ, பரிசோதனையின்போது தாதி உடன் இருக்க வேண்டும் என்றோ கேட்கலாம். ஆங்கிலத்தில் விளக்கச் சிரமமாக இருந்தால் தமிழ் பேசும் ஊழியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இந்தக் கையேட்டில் உள்ள அறிகுறியை விரலால் சுட்டிக்காட்டினாலும் போதும்.

பரிசோதனை உடனே எல்லாவற்றையும் காட்டாது. கிருமி தொற்றி, பரிசோதனையில் தெரியும் அளவுக்கு வளரச் சில காலம் ஆகும். எச்ஐவிக்கும் சிபிலிசுக்கும் இந்த இடைவெளி மூன்று மாதம் வரை இருக்கலாம். முதல் முடிவு "தொற்று இல்லை" என்று வந்தாலும், மருத்துவர் சொன்ன நாளில் மீண்டும் செல்லுங்கள்.

சிகிச்சையின்போது

• மருந்தை முழுவதும் சாப்பிட்டு முடியுங்கள். இரண்டாம் நாளே சுகமானாலும் நிறுத்தாதீர்கள்.
• நீங்களும் உங்கள் துணையும் சிகிச்சை பெற்று ஏழு நாள்கள் ஆகும்வரை, அல்லது மருத்துவர் சொல்லும்வரை, உறவைத் தவிர்த்திடுங்கள். ஆணுறை அணிந்தும் வேண்டாம்.
• மருந்தைத் துணையுடன் பங்கிட்டுக்கொள்ளாதீர்கள். இருவருக்கும் பாதி மருந்து என்றால் இருவருக்கும் குணமாகாது.
• மறுபரிசோதனைக்குச் செல்லுங்கள். கிளமிடியா, கொனோரியா வந்தவர்கள் ஏறத்தாழ மூன்று மாதங்களில் மீண்டும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.
• ஒருமுறை குணமானதால் மறுமுறை வராது என்று எண்ணாதீர்கள். இந்தத் தொற்றுகளுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை.

துணையிடம் எப்படிச் சொல்வது?

பலருக்கு ஊசியைவிட இதுவே வலிக்கும். "மனைவிக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?" என்ற பயத்தில் தாம் மட்டும் மருந்து சாப்பிட்டு, மௌனமாக இருந்துவிடுபவர்கள் உண்டு. அந்த மௌனத்தின் விலையைத் துணைதான் கொடுப்பார். அறிகுறியே இல்லாமல் அவருடைய கருக்குழாய் பழுதாகிக்கொண்டிருக்கலாம். அவரிடமிருந்து உங்களுக்கே தொற்று திரும்பவும் வரலாம்.

சொல்லும் முன் மருத்துவரிடமோ தாதியிடமோ பேசுங்கள். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று அவர்கள் வழிகாட்டுவார்கள். துணையை அழைத்துவந்தால் அவர்களே விளக்குவார்கள். நீங்களே சொல்வதாக இருந்தால், இருவரும் தனியாக இருக்கும் நேரத்தில், சுருக்கமாகச் சொல்லுங்கள்: "எனக்கு ஒரு தொற்று இருப்பதாக மருத்துவர் சொன்னார். சிகிச்சை பெற்றுவருகிறேன். உனக்கும் இருக்கலாம். தெரியாமலே இருக்குமாம். நாம் சேர்ந்து போய்ப் பரிசோதித்துக்கொள்வோம்."

சொல்லப்பட்டவர் நீங்களானால், ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். சில தொற்றுகள் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ அமைதியாக இருக்கக்கூடியவை. யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று உறுதியாகச் சொல்வது பல வேளைகளில் முடியாது. கோபமும் வருத்தமும் வருவது இயல்பு. ஆனால் பரிசோதனையை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். சொன்னால் அடி விழும் என்ற பயம் இருந்தால், அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். உங்கள் பாதுகாப்பு முதலில்.

வேலைக்காக இங்கு வந்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகவிருக்கிறீர்களா? ஆபத்தான உறவு எதுவும் நேர்ந்திருந்தால், புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஊரில் காத்திருப்பவருக்கு நீங்கள் கொண்டுபோகும் பொருள்களில் தொற்று ஒன்றாக இருக்க வேண்டாம்.

உங்களைக் காத்துக்கொள்ள

• தொற்று இல்லாத ஒரே துணையுடன், இருவரும் ஒருவருக்கொருவர் உண்மையாக இருப்பதே சிறந்த பாதுகாப்பு.
• மற்ற நேரங்களில், ஒவ்வொரு முறையும், தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஆணுறை அணியுங்கள். எச்ஐவி, கொனோரியா, கிளமிடியா ஆகியவற்றிலிருந்து அது நல்ல பாதுகாப்புத் தரும். ஹெர்ப்பிஸ், எச்பிவி, சிபிலிஸ் ஆகியவை ஆணுறை மூடாத தோலிலிருந்தும் பரவக்கூடும் என்பதால், அவற்றுக்கு ஓரளவே பாதுகாப்புத் தரும்.
• தேங்காய் எண்ணெய், வேசலின், லோஷன் ஆகியவற்றை ரப்பர் ஆணுறையுடன் பயன்படுத்தாதீர்கள். எண்ணெய் பட்டால் ஆணுறை கிழியும். தண்ணீரால் ஆன வழவழப்பான ஜெல்லைப் பயன்படுத்துங்கள்.
• காலாவதித் தேதியைப் பாருங்கள். பணப்பையில் நெடுநாள் வைத்திருந்த ஆணுறை வேண்டாம்.
• ஹெப்படைட்டிஸ் பி, எச்பிவி தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.
• மது அருந்திய நிலையில் எச்சரிக்கை குறையும். அளவோடு இருங்கள்.
• துணை மாறும்போதும், ஒருவருக்கு மேற்பட்ட துணை இருக்கும்போதும், அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவு முடிந்ததும் சிறுநீர் கழித்தாலோ சோப்புப் போட்டுக் கழுவினாலோ தொற்று வராதா?
வரும். கழுவுவதால் தொற்றைத் தடுக்க முடியாது. கிருமிநாசினியால் கழுவினால் தோல் புண்ணாகி, தொற்றும் வாய்ப்பு கூடலாம்.

குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை பாதுகாக்குமா?
அது கர்ப்பத்தை மட்டுமே தடுக்கும்.

பார்ப்பதற்குச் சுத்தமாக, ஆரோக்கியமாக இருப்பவருக்கும் இருக்குமா?
இருக்கலாம். தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது.

சுய இன்பத்தால் இந்த நோய்கள் வருமா? உடல் பலவீனமாகுமா?
இல்லை. அதனால் தொற்றும் வராது, உடல் பலமும் போகாது. இப்படிப் பயமுறுத்தி விற்கப்படும் லேகியங்களுக்கும் மாத்திரைகளுக்கும் பணம் செலவழிக்காதீர்கள்.

என் விவரம் வெளியே தெரிந்துவிடுமா?
மருத்துவ விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும். சில தொற்றுகளைப் பற்றி மருத்துவர்கள் சட்டப்படி சுகாதார அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும். நோய் பரவாமல் தடுப்பதற்கே அந்தத் தகவல். ஐயம் இருந்தால், பரிசோதனைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

அறிகுறி மறைந்தால் நோய் போய்விட்டது என்று பொருளில்லை. அறிகுறி இல்லை என்றால் நோய் இல்லை என்றும் பொருளில்லை. சந்தேகம் வந்த அன்றே பரிசோதனைக்கு நாள் குறியுங்கள். மருந்தகத்தில் நீங்கள் சொல்லப்போவதை மருத்துவர் ஏற்கெனவே பலரிடம் கேட்டிருப்பார். உங்களுக்கு அது முதல் முறை, அவருக்கு அது அன்றாட வேலை. பத்து நிமிடக் கூச்சத்தைத் தாண்டினால், உங்கள் நலனையும், உங்கள் துணையின் நலனையும், பிறக்கப்போகும் குழந்தையின் நலனையும் காத்துக்கொள்ளலாம்.